வேலையற்ற வடம்

கணினிகள் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்து, அவற்றிடையே செய்தியை மாற்றிக் கொடுக்கும் பெட்டிக்கு எமது பாடநூல்கள் 'ஆளி' எனப் பெயரிட்டுள்ளன. 'சுவிட்ச்' என்றாற் பலர்க்கும் விளங்கும். அதனைப் பொருத்துவதிலும் ஓர் ஒழுங்குமுறை உண்டு.

முதலிற் புவிக்கம்பியை இறுக்குதல் வேண்டும். பழுது நேருங்கால் உலோக உடலிற் பாயும் மின்சாரம் மனிதரைத் தாக்காது மண்ணிற் சென்றொழிய அதுவே வழி. அடுத்தது 'கொன்சோல்' எனப்படும் மேலாண்மை வடம். அதன் ஒரு முனை ஆளியிலும், மறுமுனை மடிக்கணினியிலும் செருகப்படும். அதன் பின்னரே 230 வோல்ற்று மின்சாரம். மின்வடத்தை முன்னரே செருகினும் ஆளி இயங்கும். ஆயின், அது விழித்தெழும்போது தன் நிலையை வரிவரியாகக் கூறுவதெல்லாம் பார்ப்பாரின்றிக் கழிந்துவிடும்.

எங்கள் கல்லூரிக் கணினிக்கூடத்தில் இவ்வேலை நடைபெற்ற பொழுது, "இந்த வடத்தால் இணையம் வருமோ, சேர்?" என மாணவனொருவன் வினவினான். வராது. வினாடிக்கு 9600 பிற்றுகள் என்னும் ஆமை வேகமே பல ஆளிகளில் அதற்கு விதிக்கப்பட்டுள்ளது. அது தழுவும் ஆர்.எஸ். 232 என்னும் நியமமோ 1960 இல் தோன்றியது.

"அப்படியானால் இது எதற்கு?"

"எல்லாம் நன்றாக நடக்கும்வரை இதற்கு வேலையில்லைத் தம்பி. எல்லாம் நின்றுபோனாலும் இது பேசும்" என்றேன்.

2021 ஒக்ரோபர் 4 ஆம் நாள், பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளையால், பேஸ்புக் நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் வலையமைப்பு அறுந்தது. தொலைவிலிருந்து திருத்துவதற்கென வைத்திருந்த தனிவழியும் அன்று உதவவில்லை. பொறியியலாளர் நேரிற் சென்று, இயந்திரங்களின் முன் நின்றே சீர்செய்ய நேர்ந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் வட்ஸ்அப்பும் முடங்கியது. எமது நாட்டில் அப்பொழுது இரவு. கடல் கடந்த பிள்ளைகளோடு அதிலேயே பேசிப் பழகிய இல்லங்கள் மௌனமாயின. பேசும் வழி ஒன்றாகவே இருத்தல் எத்துணை இடர் என்பதை அவ்விரவு உணர்த்தியது.

அவசரத்துக்கு உதவும் வாயிலுக்குக் காவலும் வேண்டும். பெட்டியை நெருங்கக் கூடியவன் எவனும் இவ்வழியால் உட்புகல் கூடும். ஆதலின், கடவுச்சொல் இடுதலும், கூடத்தைப் பூட்டி வைத்தலும் இன்றியமையாதன. வடத்தையும் சுருட்டி, பெயர்ச்சீட்டுக் கட்டி, பெட்டியருகிலேயே தொங்கவிடுதல் நன்று. வலையமைப்பு விழுந்த நாளிலே அதனைத் தேடிக் கடைகடையாய் அலைவதிற் பயன் யாது?