டெஸ்க்டாப்புக்குள்ள மெயில் சர்வர் எதுக்கு?

கடலூர், சிதம்பரம் பக்கம் க்ளினிக், லேப், மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிறவங்க பலர் ஒரே ஒரு டெஸ்க்டாப்லதான் மொத்தக் கணக்கையும் நோயாளி விவரத்தையும் வச்சிருக்கீங்க. அதுல லினக்ஸ் ஓடுதுன்னா இந்த த்ரெட் உங்களுக்குத்தான்.

"ஜிமெயில் இருக்கே சார், கம்ப்யூட்டருக்குள்ள தனியா ஒரு மெயில் சர்வர் எதுக்கு?"ன்னு சிதம்பரத்து டாக்டர் நண்பர் கேட்டார். நாம மெயில் அனுப்ப அது தேவையே இல்ல. கம்ப்யூட்டர் நம்மகிட்ட பேசத்தான் அது.

ராத்திரி தானா பேக்கப் எடுக்க வைக்கிறது க்ரான்னு ஒரு புரோகிராம். பேக்கப்ல எரர் வந்தா அதை மெயிலா போடும். கொண்டுபோக மெயில் சர்வர் இல்லைன்னா, "நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்"னு லாக்ல ஒரு வரி எழுதிட்டு அந்த எரரைத் தூக்கிப் போட்டுடும்.

சர்க்கரை நோயில நரம்பு மரத்துப் போனவங்களுக்குக் கால்ல ஆணி குத்தினாலும் தெரியாது. வலி இருக்கணும், ஆனா செய்தி மேல போகல. செருப்புல ரத்தத்தைப் பார்த்து வீட்ல யாராவது சொன்னாதான் உண்டு. நின்னு போன பேக்கப்பும் அப்படித்தான். டிஸ்க் போன அன்னைக்குத்தான் தெரியும்.

சர்வர் இருந்தா மட்டும் போதுமா? போதாது. சும்மா விட்டா மெயில் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு ஃபைல்ல சேர்ந்துக்கிட்டே இருக்கும், யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க. 2013-ல வந்த ஃபெடோரா 20, சென்ட்மெயிலை டீஃபால்ட்டா போடுறதை நிறுத்தினதுக்கு இதுவும் ஒரு காரணம். அது சரியான முடிவுன்னுதான் நினைக்கிறேன்.

அதனால மெயில் உங்க போனுக்கு வரணும். வீட்டு இணைப்புல இருந்து நேரா அனுப்பினா பெரும்பாலும் ஸ்பாம்னு தள்ளிடுவாங்க. உங்க மெயில் அக்கவுன்ட் வழியா அனுப்ப எம்எஸ்எம்டிபின்னு ஒரு குட்டி புரோகிராம் இருக்கு. நெட் நல்லா இருக்கிற ஊருக்கு அது போதும்.

நம்ம ஊருக்கு? 2011 டிசம்பர் 30, தானே புயல் ஞாபகம் இருக்கும். அவ்வளவு வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழைக்கே நெட் போயிடுது. எம்எஸ்எம்டிபி தானா மெயிலைச் சேர்த்து வைக்காது. போஸ்ட்ஃபிக்ஸ் டிஸ்க்ல வரிசையா வச்சுக்கிட்டு 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். கடலூருக்கு என் ஓட்டு போஸ்ட்ஃபிக்ஸுக்குத்தான். வெளியில இருந்து எந்த மெயிலும் வாங்காத மாதிரி மட்டும் செட் பண்ணச் சொல்லுங்க.

பேக்கப் நல்லபடியா முடிஞ்சாலும் தினமும் ஒரு வரி மெயில் வரட்டும். வராத நாள் போய்ப் பாருங்க. அந்த மெயில்ல நோயாளி பேரோ ரிப்போர்ட்டோ ஒரு எழுத்து கூட இருக்கக் கூடாது.