அத்தையின் ஆயிரத்து இருநூறு

எங்கள் அமிர்தியில் மாதம் பிறந்தால் வயசான பெண்கள் கேட்பது ஒன்றுதான்: "பணம் வந்துடுச்சா?"

என் மாமியாரும் முதியோர் உதவித்தொகை வாங்குகிறார். 2011இல் அது ஆயிரம் ரூபாய் ஆயிற்று. 1200 ஆனது 2023 ஆகஸ்டில். நடுவில் பன்னிரண்டு வருஷம்! பருப்பும் எண்ணெயும் அதுவரை காத்திருந்தனவா? ரேஷன் அரிசி இலவசம் என்பதால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மாத்திரை, வெற்றிலை போக, மகனிடம் கை நீட்டாமல் பேத்திக்கு முறுக்கு வாங்கித் தருவதில் அத்தைக்கு இருக்கிற பெருமையைப் பார்க்கணுமே!

"சர்க்காருக்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்கிறார் என் வீட்டுக்காரர். நியாயம்தான். ஆனால் ரிடையரான உத்தியோகஸ்தருக்கு விலைவாசியைப் பார்த்துப் பஞ்சப்படி ஏறுகிறதே! அத்தைக்கும் வருஷம் ஐம்பது ரூபாயாவது ஏற்றினால், கொடுப்பவருக்கும் பாரம் தெரியாது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2015இல் வந்த அடல் பென்ஷனில் 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம் (வருமான வரி கட்டுகிறவர்கள் முடியாது). மாதம் 5000 பென்ஷனுக்கு, 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய், நாற்பதில் 1454! எனக்கு வயசு தாண்டிவிட்டது, மகளைச் சேர்த்திருக்கிறேன்.

"அவ கிழவியாகும்போது அந்த ஐயாயிரத்துக்கு என்னம்மா கிடைக்கும்?" என்கிறார் அத்தை.