எட்டாத கை

சோமனூரில் பிறந்தவர்க்குத் தறியோசையே தாலாட்டு. கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த எங்கள் ஊரில், விசைத்தறிகள் ஓய்ந்து கிடக்கும் இரவுகளில்தான் உறக்கம் வருவதில்லை. அவ்வூரில் 34 ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றேன். பெற்ற பின்னும் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்க மனம் இசையவில்லை. தறித்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிருவர் மாலைதோறும் என் வீட்டுத் திண்ணைக்கு வருவர். அங்கே மாட்டியிருந்த கரும்பலகையில் அவர்களுக்கு இலக்கணம் எழுதிக் காட்டுவேன்.

என் 64ஆம் அகவையில் ஒரு மாலை, பலகையின் மேல்வரியில் எழுத உயர்த்திய வலக்கை தோளளவிலேயே நின்றுவிட்டது. சில வாரங்களாகவே இரவில் தோள் குடைந்து வலித்ததுண்டு. அதனை நான் பொருட்படுத்தவில்லை. அன்றோ, ஊசி கொண்டு தைத்தாற்போன்ற வலி! சுண்ணக்கட்டி கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பெருந்துயராயிற்று.

“கைக்கு ஓய்வு கொடுங்கள்” என்றார் உறவினர் ஒருவர். வலிக்கும் உறுப்பை அசைக்கலாகாது என்பது எனக்கும் அறிவுடைமையாகவே தோன்றியது. கழுத்தில் துண்டைக் கட்டி அதில் கையைத் தொங்கவிட்டு இரண்டு திங்கள் கழித்தேன். இதனினும் பெரிய பேதைமையை நான் செய்ததில்லை. துண்டை அவிழ்த்த அன்று, சட்டையின் கைக்குள் கையை நுழைக்கவும் தலை வாரவும் எனக்குப் பிறர் துணை வேண்டியதாயிற்று.

பிறகுதான் கோவையில் ஒரு மருத்துவரிடம் சென்றேன். பத்தாண்டுகளாக எனக்கு நீரிழிவு உண்டு என்பதைக் கேட்டறிந்த அவர், “இது உறைந்த தோள், நீரிழிவு உடையவர்க்கு மிகுதியாக வருவது” என்று கூறி, இயன்முறை மருத்துவம் செய்துகொள்ளுமாறு எழுதித் தந்தார். பிசியோதெரபி என்பதற்கு வழங்கும் தமிழ்ப்பெயர் அது. இயல் என்பதும் முறை என்பதும் புணர, லகரம் னகரமாய்த் திரிந்தது. இயலுதல் என்னும் சொல்லுக்குக் கூடுதல் என்பதோடு நடத்தல் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. புலவர் கூட்டத்தில் இதனைச் சொல்லி மகிழலாம். என் தோளுக்கு அதனால் ஒரு பயனும் விளையவில்லை.

எனக்குச் சிகிச்சை அளித்தவர் என் பேத்தியின் வயதுடைய ஒரு பெண். முதல்நாளில் கோணமானி ஒன்றைத் தோளில் பொருத்திக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொன்னார். நல்ல தோள் 180 பாகை அளவுக்கு உயரும்; என் கை 70 பாகையில் நின்றது.

“ஏனம்மா, ஓய்வு கொடுத்த கை இப்படி ஆயிற்றே?” என்றேன்.

“ஓய்வு கொடுத்ததனால்தான் ஐயா” என்று அவர் விளக்கினார். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத குழி ஒன்றில் பொருந்தியுள்ளது. அகல்விளக்கின்மேல் எலுமிச்சங்கனியை வைத்தாற்போல என்று கொள்ளுங்கள். அக்குழி ஆழமற்றதாய் இருப்பதனாலேயே உடம்பின் மூட்டுகளுள் தோள்மூட்டு மிகுதியாகச் சுழல்கிறது. அதனைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. கையைத் தாழ்த்தியிருக்கும்போது அவ்வுறையின் அடிப்பகுதி சேலைக் கொசுவம்போல் மடிந்து கிடக்கும்; கையை உயர்த்தும்போது விரியும். இந்நோயில் உறை தடித்துச் சுருங்குகிறது. கொசுவமின்றி இறுகக் கட்டிய சேலையில் எட்டி அடிவைக்க இயலுமோ? வலிக்கு அஞ்சி அசைக்காவிட்டால் உறை மேலும் இறுகும். இறுகினால் வலி மிகும். வலி மிகுந்தால் அசைக்க மேலும் அஞ்சுவோம். இச்சுழலை அறுப்பதே அவருடைய தொழில்.

அறுக்கும் முறை மிக எளியது. எளியது என்பதனால் முதலில் நான் அதனை மதிக்கவில்லை. வெந்நீர் ஒற்றடம் இட்டுத் தசைகளைத் தளர்த்திய பின், முன்னே குனிந்து கையை ஊசல்போல் ஆட்ட வேண்டும். அடுத்து, சுவருக்கு எதிரே நின்று, சுட்டுவிரலும் நடுவிரலும் இரு கால்களாகச் சுவரில் நடந்து மேலேற வேண்டும். எட்டிய இடத்தில் சிறிது நேரம் நிறுத்தி, பின் இறங்க வேண்டும். நாள்தோறும் மூன்று வேளை! “இழுப்பதுபோன்ற வலி வரலாம், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இரவு முழுதும் வலித்தால் அளவு மிஞ்சியது என்று அறியுங்கள்” என்பது அவர் கட்டளை. என் வீட்டுச் சுவரில், விரல் எட்டிய இடத்தைக் கரிக்கோலால் கீறி, பக்கத்தில் நாளும் குறித்து வந்தேன்.

அங்கே எனக்கு ஒரு தோழர் வாய்த்தார். விசைத்தறியின் பட்டையில் சிக்கி விரல்கள் முறிந்த நெசவாளர் அவர். எலும்பு கூடிவிட்டது, கட்டுக்குள் கிடந்த விரல்களோ மடங்க மறுத்தன. அறுந்த பாவு இழையை நொடிப்பொழுதில் முடியிடத் தெரியாத கைக்குத் தறிக்கூடத்தில் வேலை ஏது? உருக்கிய மெழுகில் கையைத் தோய்த்துச் சூடேற்றியபின், அவர் தட்டிலிருந்து துவரம்பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். பின்னர்ப் பருப்பை விட்டு, மடியிலிருந்து நூலை எடுத்து முடியிட்டுப் பழகலானார்.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை என் கீறல் ஒரு விரற்கடையும் ஏறவில்லை. “இவ்வளவுதான் என் கை” என்று சோர்ந்து, இனி வரப்போவதில்லை என்றேன். அப்பெண் சினங்கொள்ளவில்லை, வேலூரின் கதையைச் சொன்னார்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் முறையைக் கண்டார். நலமாயுள்ள ஒரு தசையின் நாணை இடம் மாற்றித் தைப்பது அம்முறை. ஆயினும் தைத்தவுடன் கை இயங்கிவிடாது. பழைய வேலையை விட்டுப் புதிய வேலையைச் செய்யத் தசைக்குப் பல வாரங்கள் கற்பிக்க வேண்டும். அங்கே பணியாற்றிய மேரி வர்கீசு என்னும் மருத்துவர், 1954இல் ஊர்தி விபத்தில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். கால்கள் மீளவில்லை. கைகளையும் தோள்களையும் பயிற்சியால் உரமாக்கி, சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் அதற்கெனவே நிலையம் ஒன்று உருவாயிற்று.

“அவருக்குக் கால் வரவில்லையே அம்மா” என்றேன்.

“வராது என்று அவருக்குத் தெரியும் ஐயா. உங்களுக்கு வரும், மெல்ல வரும்” என்றார் அவர்.

நெசவாளர் தலை நிமிரவில்லை. விழுந்த முடி ஒன்றைப் பற்களால் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் சென்றேன். ஒன்பதாம் வாரத்தில் கீறல் அசைந்தது. எட்டாம் திங்களில் கோணமானி 150 பாகை காட்டியது. நெசவாளர் அதற்கு முன்பே தறிக்குத் திரும்பிவிட்டார்; சுட்டுவிரல் முழுதும் மடங்காது, ஆயினும் முடி விழுகிறது என்றார். என் எழுத்து மேல்வரியில் சற்றே சாய்ந்து வருகிறது. முதுகுப்புறம் கை இன்னும் எட்டுவதில்லை.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, கரிக்கோல் கீறல்கள் உள்ள ஒரு முழ அகலத்தை விட்டுவிடச் சொன்னேன். சுவர் பார்க்க நன்றாயில்லை என்று என் மனைவி குறைபடுகிறாள். பயிற்சியைப் பத்து நாள் விட்டால் விரல் எந்தக் கீறலுக்கு இறங்குகிறது என்பது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.