எழுபது கொண்டை ஊசி... ஒரு தையல் ஊசி!

கொல்லிமலைக்குப் போகிற எல்லோரும் ஒன்றை மட்டும் தவறாமல் எண்ணுவார்கள். கொண்டை ஊசி வளைவுகள்! காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்தால் மொத்தம் 70. நாங்களும் எண்ணிக்கொண்டேதான் ஏறினோம். ரெண்டு பைக், நாலு பேர், ஒரு டென்ட்.

அந்த டென்ட்டின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் படிப்பு முடித்துப் போகும்போது விட்டுச் சென்றது. ரெண்டு வருஷம் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. எங்கள் செட்டில் ஒருத்தன் அதைத் தத்தெடுத்தான். அன்றிலிருந்து அவன் பெயர் 'டென்ட் ஓனர்'.

அக்டோபர் மாசம். "வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிற நேரம்டா, மலைக்குப் போகாதீங்க" என்று வீட்டில் சொன்னார்கள். கேட்டால் அப்புறம் அது என்ன காலேஜ் லைஃப்? சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாகக் கிளம்பிவிட்டோம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் டென்ட் போட முடியாது. அதனால் நண்பனின் மாமா தோட்டத்தில், மிளகுக்கொடிகளுக்கும் அன்னாசிக்கும் நடுவில் இடம் பிடித்தோம்.

ராத்திரி ஒரு மணிக்கு மழை. ஆஹா, டென்ட்டுக்குள் மழைச் சத்தம் கேட்க என்ன சுகம்! அந்தச் சுகம் பத்தே நிமிஷம். முதல் சொட்டு என் மூக்கில். அடுத்தது செல்போனில். அப்புறம் தையல் ஓடுகிற கோடு முழுக்க வரிசையாகச் சொட்டு. பாவம் டென்ட் ஓனர். "ஓசி டென்ட்டைத் தூக்கிட்டு வந்து எங்களைக் கொல்றியேடா" என்று வறுத்தெடுத்து, ஒழுகுகிற மூலைக்கே அவனைத் தள்ளினோம். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. விடிகிற வரைக்கும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

காலையில் ஈர மூட்டையோடு மலை இறங்கி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல். "முதல்ல இதைக் குப்பையில போடு, அப்புறம் டீ" என்றான் ஒருத்தன். ஆனால் நாங்கள் டீ குடிக்க நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு படுதாக் கடை.

நாமக்கல் என்றால் முட்டை என்பீர்கள். லாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் சேசிஸாக வருகிற வண்டி, இங்கே உள்ள பட்டறைகளில்தான் பாடி கட்டி, பெயின்ட் அடித்து லாரியாகிறது. லாரி இருந்தால் லோடு. லோடு இருந்தால் மேலே மூட ஒரு படுதா. தார்ப்பாய் என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் கித்தான் துணியில் தார் பூசி மழையைத் தடுத்தார்கள். பெயரிலேயே அந்தத் தார் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

கடைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் படுதா தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் மூட்டையைப் பார்த்தார். "என்ன கண்ணு, ராத்திரி நனைஞ்சுட்டீங்களா?" என்றார். டென்ட்டின் மேல் துணியை விரித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தோம். துணியில் ஒரு ஓட்டை இல்லை. தையல் ஓரத்தில் மட்டும் ஊசி ஊசியாக வெளிச்சம்!

"துணி நல்லாத்தான் கண்ணு இருக்குது. இணைப்புதான் போச்சு. மழை துணி வழியா வராது, ஊசி போன வழியாத்தான் வரும்" என்றார். சின்ன வயசில் லாரி கிளீனராக இருந்தாராம். ஜவ்வரிசி லோடு. படுதாவில் ஒரு முழத்துக்குத் தையல் விட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. விடிந்து பார்த்தால் மேல் வரிசை மூட்டையெல்லாம் களி. அவர் சம்பளத்திலும் பிடித்தார்களாம். அந்த வேலையை விட்டுத்தான் ஊசியைப் பிடித்தாராம்.

எங்களுக்கு ஒரு ராத்திரி தூக்கம்தான் போச்சு. அவருக்கு?

அவர் சொன்ன விஷயம் உலகத்துக்கே பழசு. 1823-ல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ் ரெண்டு துணிகளுக்கு நடுவில் ரப்பரைப் பூசி, மழை புகாத துணிக்குக் காப்புரிமை வாங்கினார். தையல்காரர்கள் அதைக் கோட்டாகத் தைத்தார்கள். ஊசி போன ஓட்டை வழியாக மழை உள்ளே வந்துவிட்டது!

பழைய கித்தான் படுதாவில் ஒரு வசதி உண்டு. பருத்தி நூல் நனைந்தால் உப்பி, ஓட்டையைத் தானே அடைக்கும். மெழுகும் பூசிவிடுவார்கள். ஆனால் நம் டென்ட் பாலியஸ்டர். அந்த நூல் அப்படி உப்பாது. அதனால்தான் கம்பெனியிலேயே தையலின் உட்பக்கம் ஒரு டேப் ஒட்டி அனுப்புகிறார்கள். எங்கள் டென்ட்டில் அந்த டேப் வயசாகி உரிந்து தொங்கியது. "இதுக்கு நம்ம மெழுகு ஆகாது" என்று சொல்லிவிட்டு, பிரிந்திருந்த ஒரு சாணைத் தைத்து மட்டும் கொடுத்தார் பெரியவர். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மிச்ச வேலை நாமக்கல் நண்பன் வீட்டு மொட்டை மாடியில். எதிரே ஒரே பாறை மேல் நாமக்கல் கோட்டை. நீங்களும் செய்வதாக இருந்தால் இதைக் கவனியுங்கள், மக்களே...

முதலில் துணி எந்த ரகம் என்று பாருங்கள். உட்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருந்தால் பாலியூரித்தேன் சீலன்ட். சிலிக்கான் பூசிய துணி என்றால் சிலிக்கான் சீலன்ட் மட்டும்தான் ஒட்டும். மாற்றிப் போட்டால் உரிந்து வந்துவிடும். உடனே ஒட்டுகிற பசை வேண்டவே வேண்டாம். அது காய்ந்து விறைத்து, மடிக்கும்போது வெடிக்கும்.

தொங்குகிற பழைய டேப்பை உரித்துவிட்டு, தையல் ஓரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சின்ன பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு. மூலை, ஜிப் ஓரம், தரைத் துணி சேருகிற இடம் எதையும் விடாதீர்கள். ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். காய்ந்த பிறகு முகப் பவுடர் லேசாகத் தூவினால் மடிக்கும்போது ஒட்டாது. கடைசியில் டென்ட்டை நட்டு, ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து, உள்ளே ஒருத்தனை உட்காரவைத்துச் சோதனை!

உட்பூச்சே பிசுபிசுத்து நாற்றமடித்தால், தையலை மட்டும் அடைத்துப் பலனில்லை. ஈரத்தோடு மடித்துவைத்த பாவம் அது. எங்கள் டென்ட் தப்பித்தது.

சீலன்ட் கொரியரில் வரும்வரை காத்திருந்த ஒருநாள் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனோம். 18 அடி உயரம். தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர் மேலேயே விழுகின்றன. ஊர் ஊராகப் போகிற லோடுக்கெல்லாம் படுதா கட்டி அனுப்புகிற ஊரில், சாமி மட்டும் வெட்டவெளியில் நிற்கிறார்!

நவம்பரில் மறுபடியும் 70 வளைவுகள். அதே தோட்டம், அதே டென்ட். நாங்கள் எதிர்பார்த்த மாதிரியே பத்து மணிக்கு மழை பிடித்தது. நாலு பேரும் டார்ச்சை மேலே அடித்தபடி மல்லாந்து கிடந்தோம். ஒரு மணி நேரம்... சொட்டு இல்லை. அப்புறம் ஜிப் மூலையில், பிரஷ் படாமல் விட்ட ஒரே இடத்தில், ஒரு சொட்டு. அது விழுந்தது என் தலைமாட்டில்.

இந்த முறை மூலையில் படுத்தது நான். டென்ட் ஓனருக்கு நடு இடம். யாரும் 'சாரி' சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.