எதிரே வருபவரின் கண்கள்

வாப்பாவின் பழைய ஜீப்பில் 55 வாட் துணை விளக்குகள் இரண்டைப் பொருத்தினேன். 12 வோல்ட்டில் அவை ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதை எண்ணாமல் பழைய சுவிட்ச் வழியாகவே இணைத்துவிட்டேன். முதல் இரவே எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த சகோதரர் கண்கூசிச் சாலையைவிட்டு இறங்கினார். சற்று நேரத்தில் சுவிட்சும் கருகியது. இரண்டிலும் அல்லாஹ் காத்தான்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் காக்கா பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே வழியே புதிய வயர் இழுத்தார். ரிலேயை இயக்கும் கம்பியை ஹைபீமுடன் சேர்த்தார். "டிம் செய்தால் இவையும் அணைந்துவிட வேண்டும், தம்பி" என்றார்.

பாதையிலுள்ள இடையூறை அகற்றுவது தர்மம் என்று சிறுவயதில் ஓதியவன் நான். அன்று இடையூறாக இருந்ததே என் வெளிச்சம்தான். அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு இன்னும் கிடைக்கவில்லை.