பத்துக் கிளிக், எட்டுப் பல்சக்கரம்

இத்தாலியின் விசென்சாவில் காம்பாக்னோலோ செய்த பழைய பத்து கியர் லீவர், செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் நகர்த்தும் ஜப்பானிய ஷிமானோ டெரெய்லரோடும் ஷிமானோவின் எட்டுச் சக்கரக் கேசட்டோடும் நன்றாகவே ஒத்துப்போகும். சைக்கிள் பைத்தியங்கள் இந்தக் கலப்பு மணத்துக்கு 'ஷிமெர்கோ' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு இது தீராத வியப்பு. பத்துக்கும் எட்டுக்கும் என்ன உறவு?

உறவு வேறொரு கணக்கில் இருக்கிறது. லீவரை ஒரு கிளிக் தட்டினால் கேபிள் கொஞ்சம் இழுபடும். டெரெய்லர் அந்த இழுப்பைச் சில மடங்காக்கிப் பக்கவாட்டில் நகரும். நகர்ந்த தூரமும் பல்சக்கரங்களின் இடைவெளியும் ஒன்றாக இருந்தால் செயின் சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். ஷிமானோவின் எட்டு கியர் லீவர் ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் இழுக்கும். டெரெய்லர் அதை 1.7 மடங்காக்கும். எட்டுச் சக்கரக் கேசட்டின் இடைவெளியான 4.8 வந்துவிடுகிறது. அந்த இத்தாலிய லீவரும் கிட்டத்தட்ட இதே அளவுதான் இழுக்கிறது. அதே சமயம் ஒரே கம்பெனிக்குள்ளேயே ஒத்துப்போகாத ஜோடிகளும் உண்டு. 1984இல் கிளிக் முறையை ஊருக்குக் காட்டிய டியூரா-ஏஸ் வரிசை, ஒன்பது கியர் வரும்வரைக்கும் ஷிமானோவின் மற்ற வரிசைகளோடு சேராமல் தனிக் கணக்கிலேயே இருந்தது.

நண்பரின் சைக்கிளுக்கு எட்டுச் சக்கரக் கேசட் கிடைக்காமல் ஒன்பதை வாங்கிக்கொண்டு சென்னையில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தோம். ஒன்பதின் இடைவெளி 4.35. ஒரு கிளிக்குக்கு அரை மில்லிமீட்டர்கூடப் பிசகில்லை. ஆனால் பிசகு சேர்ந்துகொண்டே போகும். நான்காவது கிளிக்கில் 1.8 மில்லிமீட்டர் தள்ளி, செயின் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் நின்று கடகடக்கும். நண்பர் புது லீவர் வாங்கவும் தயாராகிவிட்டார். மெக்கானிக் டெரெய்லரைக் குனிந்து பார்த்தார். "லீவரெல்லாம் வேணாம் சார். கேபிளை போல்ட்டுக்கு அந்தப் பக்கம் கடிக்க வைப்போம்" என்றார்.

ஆலன் கீயால் போல்ட்டைத் தளர்த்தினார். பிரிந்து நின்ற கேபிள் நுனியை விரலால் முறுக்கிச் சேர்த்து, போல்ட்டின் மறுபக்கமாகக் கொண்டுபோய் இறுக்கினார். இடம் மாறியது சில மில்லிமீட்டர்தான். ஆனால் கேபிள் பிடிபடும் புள்ளி, டெரெய்லர் திரும்பும் அச்சிலிருந்து சற்று விலகிவிடுகிறது. அதே இழுப்புக்கு அது குறைவாக நகர்கிறது. 4.8 இறங்கி 4.35 பக்கம் வந்துவிடுகிறது. ஸ்டாண்டில் தூக்கி வைத்துப் பெடலைச் சுற்றினார். செயின் படிப்படியாக ஏறி இறங்கியது. லீவரில் எட்டு நிலைதான் என்பதால் மிஞ்சிய ஒரு சக்கரத்தை லிமிட் ஸ்க்ரூவால் மறித்துவிட்டார். புத்தகக் கணக்கு எதுவும் இல்லாமல் நெம்புகோல் தத்துவம் அவர் கையில் இருந்தது.

அன்றைக்கு எனக்கு வீணைதான் ஞாபகத்துக்கு வந்தது. வீணையின் 24 மெட்டுகளையும் மெழுகும் கரியும் கலந்த கலவையில் பதிக்கிறார்கள். ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்தும் அந்த வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். ஒரு காலத்தில் ராகத்துக்குத் தக்கபடி மெட்டுகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது. தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் எல்லா ராகத்துக்கும் பொதுவாக 24 மெட்டு என்று நிலைப்பட்டதாகச் சொல்வார்கள். அப்படி நிலைப்பட்ட பிறகும் ஒரு வீணைக்கு வைத்த அளவு இன்னொன்றுக்கு ஆகாது. தந்தியின் நீளம் மாறினால் மெட்டின் இடமும் மாறும். கிளிக் லீவரும் அந்த ரகம். கிளிக் இல்லாத பழைய உராய்வு லீவர் வயலின் மாதிரி. அதில் மெட்டு கிடையாது, விரல்தான் இடம் தேடும். ஆறு சக்கரமோ பத்துச் சக்கரமோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் காது வேண்டும். செயின் உரசும் ஓசை கேட்டுக் கையை மயிரிழை பின்வாங்கத் தெரிய வேண்டும்.

மெட்டு இருக்கிறது என்பதற்காக வீணைக்காரர் அதற்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இடைச் சுரங்களை வரவழைக்கிறார். டெரெய்லரிலும் அப்படி ஒரு இளக்கம் உண்டு. ஷிமானோவின் மேல் புல்லி பக்கவாட்டில் ஒரு நூல் ஆடும்படி செய்யப்பட்டது. கிளிக் கொஞ்சம் பிசகினாலும் செயின் தன் சக்கரத்தைத் தானே தேடிக்கொள்ளும். அந்தச் சின்ன ஆட்டத்தை எண்ணிச் செய்தவர் பெரிய மனசுக்காரர் என்றே எனக்குப் படுகிறது.

பெட்டிகளில் 'எட்டு', 'ஒன்பது', 'பத்து' என்றுதான் பெரிதாக அச்சடித்து வருகிறது. நமக்கு வேண்டியது அதுவல்ல. லீவர் பெட்டியில் ஒரு கிளிக்குக்கு எத்தனை மில்லிமீட்டர் இழுப்பு, டெரெய்லர் பெட்டியில் எத்தனை மடங்கு, கேசட் பெட்டியில் எவ்வளவு இடைவெளி என்று போட்டுவிட்டால் போதும். நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ லீவர்கள் பழைய இரும்புக்குப் போகாது.