சுடுதண்ணி வராத வீடு

ஜூலை மாதத்துச் சிட்னியில், அதுவும் மேற்குப் பகுதியில், விடியற்காலைக் குளிர் ஆறேழு டிகிரிக்கு இறங்கிவிடும். அப்படியொரு காலையில் ஹரிஸ் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி, விக்ரம் தெருவின் தோசைக்கடைகள் இன்னும் திறக்காத நேரத்தில், ஒரு யாழ்ப்பாணத்து பிளம்பரின் வேனுக்காகக் காத்திருந்தேன். ஒரு நாள் கூடவே இருந்து வேலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். "வாரும் தம்பி, ஆனா ஒண்டிலயும் கை வைக்கக்கூடாது" என்றார்.

முதல் வீட்டில் கும்பகோணத்து அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். மகன் குடும்பம் அங்கே வாடகைக்கு இருக்கிறது. "பாய்லர் நின்னுபோச்சு தம்பி, மூணு நாளா பச்சைத் தண்ணிதான்" என்றார். கரியும் சுள்ளியும் போட்டு எரித்த ஊர்ச் செம்புப் பாய்லரின் பெயரையே, பின்சுவரில் நிற்கும் இந்த காஸ் தொட்டிக்கும் வைத்திருக்கிறார்.

ஸ்பானரை எடுப்பார் என்று நினைத்தேன். பிளம்பர் நேரே சமையலறைக்குப் போனார். "அம்மா, அடுப்பு எரியுதோ?" எரிந்தது. அப்படியானால் வீட்டுக்கு காஸ் வருகிறது. "எல்லா பைப்பிலயும் இப்பிடித்தானோ?" ஆமாம். குளியலறையில் மட்டும் என்றால் ஷவர் மிக்சரைச் சந்தேகிக்கலாம். எல்லாவற்றிலும் வெதுவெதுப்பாக வந்தால் டெம்பரிங் வால்வைப் பார்க்க வேண்டும். லீஜியோனெல்லா கிருமி வளராமலிருக்கத் தொட்டியில் தண்ணீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும். உடம்பு வெந்துபோகாமலிருக்கக் குளியலறைக்கு 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. இடையில் பச்சைத் தண்ணீரைக் கலந்து தருவது அந்த வால்வுதான்.

பின்பக்கம் போய், முதலில் காஸ் வாடை இருக்கிறதா என்று முகர்ந்தார். பிறகு தொட்டியின் கீழ்மூடியைக் கழற்றினார். உள்ளே எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டிய சிறு பைலட் சுடர் இல்லை. குமிழை அழுத்திப் பிடித்துப் பொறி தட்டினார்; நீலமாகப் பிடித்தது. அரை நிமிடம் கழித்து விரலை எடுத்ததும் அணைந்தது. மறுபடியும் அதேதான்.

"தெர்மோகப்பிள்" என்றார். சுடருக்குள் நுனியை நீட்டியிருக்கும் மெல்லிய உலோகக் குச்சி அது. இருவேறு உலோகங்கள் சேரும் அந்த நுனி சூடேறினால் 25, 30 மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும். ஒரு டார்ச் பேட்டரியில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் காஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கும் காந்தத்துக்கு அது போதும். சுடர் அணைந்தால் நுனி ஆறும், காந்தம் விட்டுவிடும், காஸ் அடைபடும். மீட்டரில் 9 காட்டியது. "பைலட் அணையிறது வருத்தம் இல்லைத் தம்பி, இந்தக் காவல்காரன் செத்ததுதான் வருத்தம்." யாழ்ப்பாணத்தில் நோய்க்கு வருத்தம் என்பார்கள். அந்தச் சொல் அங்கே அவ்வளவு பொருத்தமாக விழுந்தது.

புதியதை மாட்ட இருபது நிமிடம் ஆனது. சுடர் நின்றது, பெரிய பர்னர் மெல்லிய உறுமலோடு பற்றியது. அவர் கிளம்பவில்லை. புகைபோக்கியைப் பார்த்தார். தொட்டியின் பக்கவாட்டில் சொட்டிய குழாய்க்கு அடியில் அம்மா வாளி வைத்திருந்ததைக் கவனித்தார். "இது பழுதில்லை அம்மா. சூடானாத் தண்ணி பெருக்கும், அந்த மிச்சம்தான் வெளியில வருது. ஒருநாளும் அடைச்சுப் போடாதேங்கோ." 135 லிட்டர் தொட்டியில் 20 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறத்தாழ இரண்டு லிட்டர் பெருகும். அதற்கு வழியில்லாவிட்டால் தொட்டியே வெடிக்கலாம்.

கடைசியாக, தண்ணீரை அடைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, மேலிருந்து மக்னீசியக் கம்பியை உருவினார். எஃகுத் தொட்டியை அரிக்க வேண்டிய துரு முதலில் இந்தக் கம்பியைத் தின்னும். கையளவு தடிமன் இருக்க வேண்டாம், விரல் தடிமனாவது இருக்க வேண்டும்; உள்ளிருந்த வெறும் கம்பிதான் மிஞ்சியிருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் தொட்டி நீண்ட காலம் உழைக்கும். மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்றார்.

கூட வந்த பையன் தொழில் பழகுபவன். நான்கு வருடம் வேலையும் டேஃப் கல்லூரிப் படிப்புமாகக் கற்க வேண்டும். நம் வீடுகளில் கணினிப் படிப்புக்குக் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை. அது பெரிய தவறு. கண்ணாலும் காதாலும் மூக்காலும் ஒரு வீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

கும்பகோணத்து அம்மாவின் மகன் மூன்று நாளாக வீட்டு ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வரவில்லை. இங்கு புதிதாக வந்து வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நியூ சவுத் வேல்ஸின் 2010ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வெந்நீர் நின்றுபோவது அவசரப் பழுது. தெரிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்தும் சரிசெய்யாவிட்டால், உரிமம் உள்ளவரை வைத்து நீங்களே பழுது பார்க்கலாம். செலவில் 1,000 டாலர் வரை, கணக்கை எழுத்தில் கொடுத்த 14 நாளுக்குள் வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டும். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.